முதல் பிறந்தநாள் பாப்பாவுக்கா, மண்டபத்துக்கா?

ஞாயிறு முகூர்த்த நாளா இருந்தா, திங்கட்கிழமை காலை என் ஓபி எப்படி இருக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். வாந்தி, பேதி ரெண்டு மூணு வரும். சளி காய்ச்சல் அது பாட்டுக்கு வரும். கூடவே "நேத்து பர்த்டே டாக்டர், அதுலருந்து ஒரே அழுகை"ன்னு ஒரு குழந்தையாவது வரும். இந்தக் கடைசி வகையைப் பத்திதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். வீட்டுல மூணு வயசுக்குள்ள குழந்தை இருக்கிறவங்க பொறுமையா படிங்க.

போன வருஷம் அப்படி ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள்தான் ஒரு வயசு முடிஞ்ச பாப்பா. காய்ச்சல் இல்ல, காது நல்லா இருக்கு, தொண்டை நல்லா இருக்கு, வயிறு மெத்துனு இருக்கு. ஆனா அம்மா தோளை விட்டு இறங்க மாட்டேங்குறா. கதவு சாத்துற சத்தத்துக்குத் தூக்கி வாரிப் போடுது. ராத்திரி பூரா பத்து நிமிஷம் தூங்குறது, அலறி எழுந்திரிக்கிறதுன்னே போயிருக்கு. பால் குடிக்கல.

கூட வந்த பாட்டி தெளிவா சொல்லிட்டாங்க. "கண்ணு பட்டிருச்சு டாக்டரம்மா. முந்நூறு பேரு வந்தாங்கல்ல."

நான் மறுக்கல. முந்நூறு பேர் கண்ணு பட்டது நிஜம்தான். அதுல பாதிப் பேர் கையில போன், போன்ல பிளாஷ். என்னென்ன வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். அப்பா பெருமையா ஆரம்பிச்சு, சொல்லச் சொல்லக் குரல் இறங்கிட்டே வந்துச்சு. டிஜே. ஆள் உயர மிக்கி மவுஸ் ரெண்டு பேர் (கோல்டு பேக்கேஜ்ல ஒண்ணுதானாம், இவங்க எடுத்தது பிளாட்டினம்). மேடைக்கு வரும்போது ரெண்டு பக்கமும் பூத்தூறலா நெருப்புப் பொறி அடிக்கிற மெஷின். மேஜிக் ஷோ. பலூன் வெடிப்பு. கேக் வெட்டுற நேரம் ஏழரைன்னு பத்திரிகையில போட்டிருந்தும், தாய்மாமன் வண்டி டிராபிக்ல மாட்டுனதால ஒன்பதேகால்.

பாப்பா தினமும் எத்தனை மணிக்குத் தூங்குவான்னு கேட்டேன். எட்டு மணிக்கு.

அப்போ அது குழந்தைக்கு நடந்த விழா இல்ல. குழந்தை மேல நடந்த விழா.

இங்கேயே ஒண்ணு சொல்லிடுறேன். பிறந்தநாள் கொண்டாடாதீங்க, காசு வேஸ்ட், வெள்ளைக்காரன் பழக்கம்னு சொல்ல வரல. உண்மையைச் சொன்னா முதல் பிறந்தநாளைக் கொண்டாட எங்க துறைக்குத்தான் அதிகக் காரணம் இருக்கு. சிசு மரண விகிதம்னு ஒண்ணு சொல்வோமே, உயிரோடு பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் எத்தனை பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே இறந்து போறாங்கங்கிற கணக்குதான் அது. 1971-ல இந்தியாவில் அது 129. எட்டுக்கு ஒரு குழந்தை. உங்க பாட்டி எத்தனை பிள்ளை பெத்தாங்க, எத்தனை தங்குச்சுன்னு கேட்டுப் பாருங்க, கணக்குப் புரியும். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 28. தமிழ்நாட்டில் 13.

அந்த 129-க்கும் 13-க்கும் நடுவுல தடுப்பூசி இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, கிராம சுகாதார செவிலியர் நடந்த நடை இருக்கு. அதனால ஒரு குழந்தை ஒரு வயசைத் தாண்டிருச்சுன்னா ஊரைக் கூட்டிச் சோறு போடணும்னு தோணுறது எனக்கு நல்லாவே புரியுது. எட்டு வருஷம் காத்திருந்து, சிகிச்சை எடுத்துப் பெத்த குழந்தைன்னா இன்னும் புரியுது. போடுங்க சோறு. நானும் வந்து சாப்பிடுறேன். என் சண்டை சோத்தோட இல்ல, ப்ரோக்ராமோட.

என் கதையையும் சொல்லிடணும், இல்லன்னா யோக்கியமா இருக்காது. என் பையனுக்கு ஒரு வயசு ஆனப்போ நானே மண்டபம் பிடிச்சேன். அப்போ நான் குழந்தை மருத்துவத்துல பட்ட மேற்படிப்பு முடிச்சிருந்தேன். அந்நியர் பயம் எத்தனை மாசத்துல வரும்னு வைவாவுல சரியா பதில் சொன்னவ. ஆனா என் பையனைக் கோட்டு சூட்டுல போட்டு, நாற்பது டாக்டர்கள் கையில மாத்தி மாத்திக் கொடுத்தேன். ஆல்பம் 60 பக்கம். அதுல அவன் சிரிக்கிற போட்டோ ஒண்ணு இருக்கு, அதுவும் மண்டபத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல எடுத்தது. வீடியோவில் ஒரு இடம் வரும். யாரோ தூக்கி வச்சிருக்காங்க, அவன் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுறான். நான் மூணு அடி தள்ளி நின்னு பட்டுப்புடவை மடிப்பைச் சரி பண்ணிட்டு இருக்கேன். அந்த வீடியோவை நான் ரெண்டாவது தடவை பார்த்ததே இல்ல.

சரி, ஒரு வயசுக் குழந்தைக்கு அந்த மேடை எப்படித் தெரியும்?

எட்டு மாசத்துக்கு மேல குழந்தைக்குத் தெரிஞ்ச முகம், தெரியாத முகம் பிரிக்கத் தெரியும். தெரியாத முகம்னா பயம் வரும். ஒரு வயசை ஒட்டி அது உச்சத்துல இருக்கும். இது பலவீனம் இல்ல, "கூச்ச சுபாவம்" இல்ல, மூளை சரியா வளருதுன்னு அர்த்தம். அந்த நேரம் பார்த்து நாம முந்நூறு தெரியாத முகத்தை வரிசையில நிக்க வச்சு ஒவ்வொருத்தரா கன்னத்தைக் கிள்ள விடுறோம். (முத்தம் வேற. சளி பிடிச்சவங்க முத்தம் கொடுக்காதீங்கன்னு வாசல்லயே போர்டு வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.)

அப்புறம் அந்த மிக்கி மவுஸ். டிவியில பார்த்துக் கை தட்டுனா, அதனாலதான் வர வச்சோம்னு சொல்வாங்க. டிவியில அது உள்ளங்கை அளவு. நேர்ல ஆறடி. கண் இமைக்காது, வாய் அசையாது, ஆனா நடந்து கிட்ட வருது. முகமூடிக்குள்ள ஒரு மனுஷன் இருக்கான்னு நமக்குத் தெரியும். ரெண்டு வயசுக் குழந்தைக்கு அது தெரியாது. மூணு, நாலு வயசுலகூட சொல்லிப் புரிய வச்சாலும் பாதி நம்பும், பாதி நம்பாது. உள்ளே இருக்கிற தம்பியையும் நினைச்சுப் பாருங்க. நாள் சம்பளத்துக்கு, வேர்த்துக் கொட்டிக்கிட்டு, அழுற குழந்தையைத் தூக்கி வச்சுப் போஸ் கொடுக்கணும். ஏற்கெனவே பேசியாச்சுன்னா ஒண்ணு பண்ணுங்க. தலையை மாட்டுறதைக் குழந்தை முன்னாடியே மாட்டச் சொல்லுங்க. தள்ளி நிக்கட்டும். குழந்தை விரும்பிக் கிட்டப் போனா போகட்டும். தூக்கிக் கொடுக்காதீங்க.

சத்தம். கைநீட்டுற தூரத்துல நிக்கிறவர்கிட்ட நீங்க கத்திப் பேச வேண்டியிருந்தா, அங்க சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தாண்டிருச்சுன்னு வச்சுக்கலாம். தொழிற்சாலையில வேலை பார்க்கிற பெரியவங்களுக்கே 85-ல எட்டு மணி நேரம், 100-ல கால் மணி நேரம்தான் பாதுகாப்பான அளவுன்னு ஒரு கணக்கு இருக்கு. டிஜே ஸ்பீக்கர் பக்கத்துல 100 சாதாரணம். பெரும்பாலும் அந்த ஸ்பீக்கருக்கு நேர் எதிர்லதான் பாப்பாவுக்கு அலங்கார நாற்காலி போட்டிருப்பாங்க. மெழுகுவர்த்தி ஏத்துனதும் எல்லாரும் சேர்ந்து கத்துற அந்தப் பாட்டுக்கே பாதிக் குழந்தைகள் உதட்டைப் பிதுக்குறதைப் பார்த்திருப்பீங்க. மெதுவா பாடினா என்ன, காசா பணமா?

இப்போ உருப்படியா என்ன பண்ணலாம்னு பார்ப்போம்.

முதல்ல நேரம். கேட்டரிங் ஆள் சொல்ற நேரம், ஜோசியர் சொல்ற நேரம் எல்லாம் கேட்குறோம், குழந்தையோட நேரத்தை யாரும் கேட்கிறதில்ல. ஒண்ணு ரெண்டு வயசுக் குழந்தை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்கணும், பகல் தூக்கமும் சேர்த்து. அது தூங்கி எழுந்து, பால் குடிச்சு, தெளிவா இருக்கிற நேரம் எதுவோ அதுதான் முகூர்த்தம். நிறைய குழந்தைகளுக்குக் காலை பத்தரை, இல்லன்னா சாயங்காலம் நாலரை. ஒன்றரை மணி நேரம் போதும். அதுக்கு மேல போனா அழுகையில முடியும், நான் எழுதியே தர்றேன். எத்தனை குழந்தைகளைக் கூப்பிடலாம்னா, வயசோட ஒண்ணு கூட்டிக்கோங்கன்னு ஒரு கணக்கு சொல்வாங்க. ஒரு வயசுக்கு ரெண்டு, ரெண்டு வயசுக்கு மூணு. நம்ம ஊர்ல அது நடக்காதுன்னு தெரியும், சித்தி பிள்ளைங்களே ஆறு இருக்கும். ஆனாலும் அந்தக் கணக்கு மனசுல இருக்கட்டும்.

ஒரு வயசுக் குழந்தைக்கு விளையாட்டுன்னா என்ன? காகிதத்தைக் கசக்குற சத்தம். அட்டைப் பெட்டிக்குள்ள நுழைஞ்சு வெளியே வர்றது. சில்வர் டம்ளரைத் தட்டுறது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடுறது, எடுக்கிறது, மறுபடி போடுறது. துண்டால முகத்தை மூடித் திறக்கிற கண்ணாமூச்சி. மறைஞ்ச பொருள் இல்லாமப் போயிடலைன்னு அந்த மூளை இப்பத்தான் கத்துக்கிட்டு இருக்கு. அதனாலதான் நீங்க துண்டை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அதுக்கு அவ்வளவு சிரிப்பு. இதை மிஞ்சின ஷோ எந்த பேக்கேஜ்லயும் கிடையாது. தரையில பாய் விரிச்சு, தாத்தா பாட்டி சுத்தி உட்கார்ந்து, நாலு பாத்திரத்தை நடுவுல வச்சா விழா களைகட்டிரும். வேற பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

ரெண்டு வயசுல கதை மாறும். ஓடணும், ஏறணும், கொட்டணும், அளையணும். சோப்பு நுரைக் குமிழி ஊதினா அரை மணி நேரம் ஓடும். கோதுமை மாவைப் பிசைஞ்சு, கொஞ்சம் மஞ்சள் தூள், கொஞ்சம் பீட்ரூட் சாறு கலந்து ஆளுக்கு ஒரு உருண்டை கொடுங்க. வாயில வச்சாலும் பயமில்ல. அகலமான டப்புல ரெண்டு விரக்கடைத் தண்ணி ஊத்தி, கரண்டி, வடிகட்டி, காகிதக் கப்பல். ஆனா தண்ணி இருக்கிற வரைக்கும் ஒரு பெரியவர் அந்த டப்பை விட்டு நகரக் கூடாது. ரெண்டு விரக்கடைத் தண்ணியிலயும் குழந்தை மூழ்கும். "நீ பாத்துக்க, நீ பாத்துக்க"ன்னு பத்துப் பேர் இருக்கிற இடத்துலதான் யாருமே பார்க்காமப் போறது. யாரு பார்க்கணும்னு ஒருத்தரைப் பேர் சொல்லி நிறுத்துங்க. அவர் கையில போன் வேண்டாம்.

ரெண்டு வயசுக்காரங்க சேர்ந்து விளையாடுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. 1932-லேயே மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு ஆய்வாளர், சின்னக் குழந்தைகள் விளையாடுற விதத்தை உட்கார்ந்து கவனிச்சு வகை பிரிச்சு எழுதினாங்க. அதுல ஒண்ணு, பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்க்கிறது. இந்த வயசுக்கு அதுதான் நட்பு. அதனால பொம்மைன்னா ஒரே மாதிரி நாலு வைங்க. பிறந்தநாள் குழந்தையோட உயிரான கரடி பொம்மையை முந்தின நாளே பீரோவுல வச்சுப் பூட்டிடுங்க. "பகிர்ந்துக்கணும் கண்ணு"ன்னு முந்நூறு பேர் முன்னாடி பாடம் எடுக்காதீங்க. நம்ம வண்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா நாம எவ்வளவு பகிர்ந்துக்குவோம்னு யோசிச்சுட்டு அப்புறம் சொல்லலாம். மியூசிக்கல் சேரும் இந்த வயசுக்கு வேண்டாம். நாற்காலி இல்லாமப் போன குழந்தைக்கு அது விளையாட்டுன்னு புரியாது. என் நாற்காலியைப் பிடுங்கிட்டாங்கன்னுதான் புரியும்.

மேஜிக் ஷோ பத்திக் கேட்பீங்க. தொப்பிக்குள்ளருந்து முயல் வர்றது அதிசயம்னு தெரியணும்னா, தொப்பிக்குள்ள முயல் இருக்காதுன்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும். ரெண்டு வயசுக்காரனுக்கு உலகத்துல எல்லாமே அப்படித்தான் வருது. சுவிட்சைத் தட்டுனா லைட்டு வருது, டப்பாவைத் திறந்தா முறுக்கு வருது, தொப்பியில கைவிட்டா முயல் வருது. அஞ்சு ஆறு வயசுல வைங்க, வாயைப் பொளந்து பார்ப்பாங்க.

மூணு வயசுலதான் கொஞ்சம் "விழா"ங்கிறது புரிய ஆரம்பிக்கும். அப்போ பழைய சாக்ஸுல கண்ணு மூக்கு வரைஞ்சு பொம்மலாட்டம் காட்டலாம். பத்து நிமிஷக் கதை, அதுவும் அவங்களும் சேர்ந்து காக்காயாக் கத்த, யானையா நடக்க இடம் இருக்கிற கதை. பந்தை வாளியில போடுறது. வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்ச மரப் பொம்மைகளைத் தேடுறது. ஜெயிச்சவன் தோத்தவன் வேண்டாம், தேடுன எல்லாருக்கும் ஒண்ணு. நல்லாக் கதை சொல்ற அத்தையோ பெரியப்பாவோ உங்க குடும்பத்துல கட்டாயம் ஒருத்தர் இருப்பார். மைக் பிடிச்சு "எல்லாரும் கை தட்டுங்க"ன்னு கத்துற ஆளுக்குக் கொடுக்கிற காசை அவருக்கு வேட்டி சட்டையா எடுத்துக் கொடுங்க.

மிச்சம் உள்ளதைச் சட்டுனு சொல்லிடுறேன், ஒண்ணைத் தவிர. ஜம்பிங் பலூன்ல சின்னக் குழந்தையைப் பெரிய பசங்களோட விடாதீங்க. பெரியவன் குதிக்கிற வேகத்துல சின்னவன் கால் எலும்பு விடுறதை நான் எக்ஸ்ரேல பார்த்திருக்கேன். மேடையில அடிக்கிற அந்தக் "கோல்டு" பொறி பேர்லதான் கோல்டு, உலோகத் தூள் எரிஞ்சு வர்ற பொறி அது. நைலான் நெட் கவுன் போட்ட குழந்தையை அதுக்குப் பக்கத்துல தூக்கிட்டுப் போகாதீங்க. ஸ்னோ ஸ்பிரே தீப்பிடிக்கிற வாயுவில வர்றது, மெழுகுவர்த்தி எரியும்போது அடிக்கவே கூடாது. வாயில போட்டா புகை வர்ற பிஸ்கட்டுல ஊத்துறது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அதைப் பத்தி 2024-ல தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரிக்கை விட்டுச்சு. அதே வருஷம் பிப்ரவரியில ரோடமின்-பி சாயம் இருந்ததாலதான் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததும். பாப்கார்ன், முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, ஒரே வாயில உறிஞ்சுற ஜெல்லி கப் இதெல்லாம் நாலு வயசு வரைக்கும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள்ள போற சாமான்கள். ரெண்டு வயசு வரைக்கும் இனிப்பு மிகுந்த உணவு தவிர்க்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லியிருக்கு. அதுக்காகக் கேக் நுனியை நாக்குல தடவினதுக்கு எனக்குப் போன் பண்ணாதீங்க, ஒண்ணும் ஆகாது. குளிர்பானம் மட்டும் ஊத்திக் கொடுக்காதீங்க.

ரிட்டன் கிஃப்ட்ல கவனிக்க வேண்டியது பட்டன் பேட்டரி. விரல்ல மாட்டுற லைட்டு, மின்னுற ஹேர்பேண்ட், தாமரைப்பூ மாதிரி விரிஞ்சு நிறுத்தவே முடியாமப் பாடுமே அந்த மெழுகுவர்த்தி, எல்லாத்துக்குள்ளயும் அது இருக்கு. விழுங்கினா உணவுக்குழாயில மாட்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ள சதையை அரிச்சிடும். "காசு முழுங்கின மாதிரிதான், தானா வெளிய வந்துரும்"னு காத்திருக்கக் கூடாது. சந்தேகம்னாலே நேரா எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரி.

அந்த ஒண்ணு, பலூன்.

சில வருஷத்துக்கு முன்னாடி. நான் அப்போ வேற ஊர்ல வேலை. பிறந்தநாள் முடிஞ்ச மறுநாள் காலை, பத்து மணி இருக்கும். அப்பா பைக்ல உட்கார்ந்து, பின்னாடி சித்தப்பா குழந்தையைத் தூக்கிட்டு வந்தார். ரெண்டு வயசுப் பையன். முந்தின நாள் வீட்டுல கட்டியிருந்த பலூன்ல ஒண்ணு ராத்திரி வெடிச்சிருக்கு. அதோட துண்டு கட்டிலுக்கடியில கிடந்திருக்கு. காலையில எடுத்து வாயில வச்சிருக்கான். யாரோ பதறிப் போய் விரலை விட்டு எடுக்கப் பார்த்திருக்காங்க, அது இன்னும் உள்ளே போயிருச்சு. நாங்க கருவி வச்சு அந்தத் துண்டை எடுத்தோம். சிவப்பு கலர், என் கட்டை விரல் நகம் அளவு. அதுக்குள்ள நேரம் கடந்திருந்துச்சு. பையன் பிழைக்கல.

வெளியே வந்து சொல்லும்போது அவங்க அப்பா சட்டையில முந்தின நாள் மினுமினுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதுக்கப்புறம் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் நான் முதல்ல தரையைத்தான் பார்க்கிறேன்.

பலூன் ரப்பர் ஏன் மோசம்னா, அது வேர்க்கடலை மாதிரிக் கெட்டிப் பொருள் இல்ல. மூச்சுக்குழாய் வாசல்ல எந்த வடிவம் இருக்கோ அப்படியே படிஞ்சு அடைச்சிடும், காத்து போக இடுக்குகூட இருக்காது. முதுகுல தட்டினாலும் சுலபமா வராது. அமெரிக்காவில் 8 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மூச்சடைப்பு அபாயம்னு பலூன் பாக்கெட்டு மேலயே அச்சிடணும்னு சட்டம் இருக்கு. நம்ம ஊர்ல முந்நூறு பலூனைக் கட்டி, கடைசியில எல்லாத்தையும் வெடிச்சு, தரை முழுக்கத் துண்டு சிதறி, அதுக்கு நடுவுல தவழுற குழந்தைங்க. சிலர் பெரிய பலூனுக்குள்ள மணி, மிட்டாய், மினுமினுப்புத் தாள் எல்லாம் போட்டுக் குழந்தைங்க தலைக்கு மேல வெடிக்கிறாங்க.

கட்டணும்னா எட்டாத உயரத்துல கட்டுங்க. வாயால ஊதக் குழந்தைகிட்ட கொடுக்காதீங்க, ஊதாத பலூனும் அதே ஆபத்துதான். வெடிச்சா உடனே துண்டு பொறுக்குங்க. விழா முடிஞ்ச ராத்திரியே எல்லாத்தையும் அவிழ்த்துக் குப்பையில போட்டுட்டுத் தூங்குங்க. இன்னும் நல்லது, கட்டாமலே விடுறது. காகிதப் பூ இருக்கு, துணித் தோரணம் இருக்கு, மாவிலையும் தென்னங்குருத்தும் இருக்கு. போட்டோவுல பலூனை விட நல்லாவே வரும்.

அடைச்சிட்டா என்ன செய்யணும்னு விழா வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். குழந்தை சத்தமா இருமுதுன்னா இரும விடுங்க, அதுவே வெளியே தள்ளும். சத்தம் வரல, மூச்சு வரல, நீலம் பாயுதுன்னா காத்திருக்கக் கூடாது. ஒரு வயசுக்குக் கீழன்னா முன்கையில குப்புறப் படுக்க வச்சு, தலை தாழ்வா, தோள்பட்டைகளுக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தால 5 தட்டு. மல்லாத்தித் திருப்பி நெஞ்சு நடுவுல 5 அழுத்து. மாத்தி மாத்தி. ஒரு வயசுக்கு மேலன்னா குனிய வச்சு முதுகுல 5 தட்டு, பின்னாடியிருந்து கட்டிப் பிடிச்சுத் தொப்புளுக்கு மேல உள்நோக்கி மேல்நோக்கி 5 அழுத்து. இன்னொருத்தர் 108-க்குப் போன் போடட்டும். நினைவு தப்பினா இதயமுயிர்ப்பு சிகிச்சை தொடங்கணும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவவே கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டா பொம்மையை வச்சுச் சொல்லித் தருவாங்க, பத்து நிமிஷ வேலை. கேக் ருசி பார்க்கப் போற நேரத்துல பாதி.

இனி உங்க கேள்விக்கு வர்றேன். ஓபியில நான் இதைச் சொன்னதும் பெத்தவங்க சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொல்வாங்க. "எல்லாம் சரிதான் டாக்டர், ஆனா நாங்க வச்ச மொய்யைத் திரும்ப வாங்க வேண்டாமா?"

நியாயமான கேள்வி. ஊர்ல எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் ஐந்நூறும் ஆயிரமுமா எழுதிட்டு, நம்ம வீட்டுல ஒண்ணும் வைக்கலன்னா அந்தப் பணம் நின்னுடும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துன்னே தனியா வைப்பாங்க. கறிச்சோறு, நோட்டு, பேனா. காரணம் தேடி எந்தக் குழந்தையையும் மேடையில உட்கார வைக்க வேண்டியதில்ல. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆக, விழாவை ரெண்டாப் பிரிச்சிடுங்க. குழந்தையோட பிறந்தநாள் காலையில வீட்டுல, அதோட நேரத்துல, அதுக்குத் தெரிஞ்ச பத்து முகத்தோட. பெரியவங்க விருந்து சாயங்காலம் மண்டபத்துல, உங்க இஷ்டம் போல. அங்க குழந்தை வரணும்னா ஆறரை மணிக்கு வந்து, பருத்திச் சட்டையில, அம்மாவோ அப்பாவோ தூக்கி வச்சிருக்க, இருபது நிமிஷம். "எல்லாரும் பார்த்தாச்சு, பாப்பா தூங்கப் போறா"ன்னு மைக்ல சொல்லிட்டு ஒரு அத்தை அமைதியான ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, பந்தி நடந்துட்டு இருந்தா யாருக்கும் ஞாபகமே இருக்காது. தாய்மாமனுக்காக மட்டும் காக்க வைக்காதீங்க. மாமன் அதே மாலையை மறுநாள் காலையில வந்து போட்டாலும் மாலைதான்.

காசு விஷயம் நான் பேசக் கூடாது, ஆனா பேசுறேன். முதல் பிறந்தநாளுக்குக் கழுத்துச் செயினை அடகு வச்சவங்க எனக்குத் தெரியும். அடுத்த மாசம் அதே குழந்தைக்கு நிமோனியா வந்து நின்னப்போ, அட்மிஷன் போடணும்னு சொன்னதும் அந்த அம்மா கை கழுத்துக்குப் போய் வெறும் கழுத்தைத் தடவுனதைப் பார்த்தேன். அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சேன், நல்லாத்தான் பார்த்தாங்க, குழந்தை இப்போ நல்லா இருக்கு. சொல்ல வந்தது அந்தக் கையை.

இவ்வளவும் இப்போ எழுதக் காரணம், அந்தத் திங்கட்கிழமைப் பாப்பா போன வாரம் வந்திருந்தா. சளிதான், பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டு வயசு முடிஞ்சிருச்சாம். என்ன பண்ணீங்கன்னு கொஞ்சம் பயந்துக்கிட்டேதான் கேட்டேன். அம்மா போனை எடுத்து வீடியோ காட்டுனாங்க. மொட்டை மாடி, சாயங்கால வெயில். ஒரு டப்புல தண்ணி. சுத்தி அஞ்சு குழந்தைங்க, எல்லாம் நனைஞ்சு போய், ஆளுக்கு ஒரு சில்வர் டம்ளர். ஒருத்தரையும் ஒருத்தர் பார்க்கல, கேமராவையும் பார்க்கல. மொண்டு ஊத்துறாங்க, மொண்டு ஊத்துறாங்க. ஓரத்துல நாற்காலி போட்டு அந்தப் பாட்டி, கண்ணை டப்பை விட்டு எடுக்காம.

கேக் வெட்டின போட்டோ எங்கம்மான்னு கேட்டேன்.

"எடுக்க மறந்துட்டோம் டாக்டர்"னு சொன்னாங்க.